புள்ளியும் பாடத்தடமும்: அமெரிக்கப் புறநகர் உயர் பாடசாலை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

மனிதரிடையேயுள்ள ஏற்றத்தாழ்வுகளைச் சமப்படுத்தும் மாபெரும் சாதனம் கல்வியே என்னும் கருத்தை, 1848ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலக் கல்விச் சபைக்கு எழுதிய அறிக்கையில் ஹொறேஸ் மான் முன்வைத்தார். அன்று தொட்டு அமெரிக்கப் பொதுப் பாடசாலை தன் இருப்புக்கான நியாயத்தை இக்கருத்திலேயே கண்டு வந்துள்ளது. கட்டணமின்றி யாவருக்கும் திறந்த கதவு, ஒரே கூரையின் கீழ்ப் பல்வகைப் பாடநெறிகள், உழைப்புக்கேற்ற புள்ளி ஆகிய மூன்றும் அந்நியாயத்தின் தூண்களாகக் கருதப்படுகின்றன. இவற்றுள் பின்னைய இரண்டும் புறநகர் உயர் பாடசாலையில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடநெறி ஒழுங்கு ஒரு பிரச்சினை, புள்ளி வழங்கும் கொள்கை வேறொரு பிரச்சினை எனப் பிரித்து நோக்குவதே பெருவழக்கு. இவை ஒரே பொறியமைப்பின் இரு சக்கரங்கள் என்பதும், ஒன்றை விட்டு மற்றொன்றைச் சீர்திருத்த முனைவது பயன் தராது என்பதும் ஈண்டு வற்புறுத்தப்படும்.

இரு விளக்கங்கள் அவசியமாகின்றன. தரப்படுத்தல் என்ற சொல் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதி தொடர்பாக நம் நாட்டில் பெற்ற பொருள் வேறாதலின், அச்சொல் இங்கு தவிர்க்கப்படுகிறது. ஒரே பாடசாலைக்குள் மாணவரை உயர், நடு, தாழ் வகுப்புகளாகப் பிரிக்கும் முறை பாடத்தடம் எனப்படும். இரண்டாவதாக, நமது உயர்தரப் பரீட்சை போன்று பல்கலைக்கழக அனுமதியைத் தனித்து நிர்ணயிக்கும் தேசியப் பரீட்சை அமெரிக்காவில் இல்லை. நான்கு ஆண்டுகளில் வகுப்பாசிரியர்கள் இட்ட புள்ளிகளின் சராசரியே அங்கு முதன்மையான சான்றாகிறது. எனவே ஆசிரியரின் புள்ளிப் புத்தகம், நம் பரீட்சைத் திணைக்களத்தின் அதிகாரத்தில் ஒரு கணிசமான பங்கைத் தன்னகத்தே கொண்டுள்ளது எனலாம்.

2

அமெரிக்கப் புறநகர் தானாக முளைத்ததன்று. இரண்டாம் உலகப் போரின் பின் அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதத்தோடு அது திட்டமிட்டுக் கட்டப்பட்டது. 1947இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் தொடங்கப்பட்ட லெவிற்றவுண் குடியிருப்பில் வெள்ளையரல்லாதார் குடியிருத்தல் ஒப்பந்த விதியாலேயே தடுக்கப்பட்டிருந்தது. குடியிருப்பை அடுத்துப் பாடசாலையும் அவ்வாறே அமைந்தது. பாடசாலைச் செலவின் பெரும்பகுதியை உள்ளூர் ஆதனவரி, அதாவது நாம் சோலைவரி என வழங்குவதை ஒத்த வரி, ஈடுசெய்வதால் வீட்டின் விலை பாடசாலையின் வளமாக மாறிற்று.

இவ்வேற்பாட்டை நீதிமன்றமும் உறுதிசெய்தது. ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகர்ப் பகுதியில், 1967-68ஆம் ஆண்டில், வறிய எட்ஜ்வூட் மாவட்டம் மாணவர் ஒருவருக்கு 356 டொலரும் செல்வம் மிக்க அலமோ ஹைற்ஸ் மாவட்டம் 594 டொலரும் செலவிட்டன. இவ்வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானதன்று என 1973இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. அடுத்த ஆண்டிலேயே டிற்றோயிற் நகர் தொடர்பான வழக்கில், இன ஒன்றிணைப்புக்காகப் புறநகர் மாவட்டங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற தீர்ப்பும் அதே பெரும்பான்மையில் வெளிவந்தது. நகருக்கும் புறநகருக்கும் இடையிலான எல்லைக்கோடு இவ்வாறு சட்டத்தின் காப்பைப் பெற்றது.

ஆயினும் பிந்திய தசாப்தங்களில் புறநகரின் முகம் மாறியது. கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் ஆசியக் குடியேறிகளும் பல புறநகர்களில் குடிபுகுந்தனர். முன்பு இரு பாடசாலைகளுக்கு இடையே நின்ற சுவர் இப்பொழுது ஒரே பாடசாலையின் உள்ளே எழுந்தது. பாடத்தடம் என்பதே அச்சுவராகும்.

3

பாடத்தடத்துக்குப் புலமை அங்கீகாரம் அளித்தவர்களுள் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் பிறையன்ற் கொனன்ற் முக்கியமானவர். சோவியத் ஒன்றியம் 1957இல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதன் எதிரொலி ஓயாதிருந்த 1959ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல், பாடந்தோறும் திறமைக்கேற்ப மாணவரைப் பிரிக்குமாறு பரிந்துரைத்தது. அதே நூலில் அவர், எல்லாத் தரத்து மாணவரும் ஒன்றாக அமர்ந்து நாட்டின் பிரச்சினைகளை விவாதிக்கும் ஒரு பொது வகுப்பையும் வேண்டினார் என்பது கவனிக்கத்தக்கது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பிரிவினை, குடியியலில் மட்டும் சமத்துவம் என்னும் இவ்வேற்பாடு தாராளவாதச் சிந்தனையின் உள்முரணைத் தெளிவாகக் காட்டுகிறது.

பிரிவினையின் பொறிமுறையைக் கணிதப் பாடம் நன்கு உணர்த்தும். வழமையான ஒழுங்கில் அட்சரகணிதம், கேத்திரகணிதம், இரண்டாம் அட்சரகணிதம், நுண்கணிதத்துக்கான ஆயத்தப் பாடம், நுண்கணிதம் என ஐந்து படிகள் உள்ளன. உயர் பாடசாலைக் காலமோ ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளே. எனவே எட்டாம் வகுப்பில் அட்சரகணிதம் தொடங்கிய மாணவனே வழமையான வேகத்தில் நுண்கணிதத்தை எட்டுகிறான். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கியவன் எவ்வளவு திறம்படக் கற்றாலும் அதன் வாயிலில் நின்றுவிடுகிறான். பதின்மூன்று வயதிற்கு முன் செய்யப்பட்ட ஒரு நிருவாகத் தெரிவு பதினெட்டு வயதில் இயற்கைத் திறமையின் அளவாகத் தோற்றம் பெறுகிறது.

25 பாடசாலைகளின் தரவுகளைக் கொண்டு ஜீனி ஓக்ஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நோக்கற்பாலது. உயர் தடத்தில் ஆய்வுச் சிந்தனையும் சுயாதீனமும், தாழ் தடத்தில் மனனமும் கீழ்ப்படிவும் கற்பிக்கப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். தடங்கள் ஒரே அறிவை வெவ்வேறு வேகத்தில் தருவன அல்ல. வெவ்வேறு அறிவைத் தருவன என்பதே அவ்வாய்வின் சாரம். 1967இல் வொஷிங்டன் நகரின் தடமுறையைச் சட்டவிரோதமெனத் தீர்த்த நீதிபதி ஸ்கெல்லி ரைற்றும் இதையொத்த முடிவையே எய்தியிருந்தார்.

4

இனிப் புள்ளிக்கு வருவோம். புள்ளி ஒரு புறநிலை அளவை என்னும் நம்பிக்கை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஆட்டங்கண்டுவிட்டது. 1912இல் டானியல் ஸ்ராச், எட்வேர்ட் எலியற் ஆகியோர் இரு ஆங்கில விடைத்தாள்களை 142 ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்தபோது, ஒரே தாளுக்கு 50 முதல் 97 வரை புள்ளிகள் விழுந்தன. இலக்கியத்தில் இது இயல்பே எனச் சமாதானம் கூறப்பட்டது. மறு ஆண்டு கேத்திரகணித விடைத்தாள் ஒன்றைக் கொண்டு அவர்கள் அதே ஆய்வை நிகழ்த்தினர். அதற்கும் 30க்குக் குறைவாக இட்டோரும் 90க்கு மேல் இட்டோரும் இருந்தனர்.

ஆயினும் தனி ஆசிரியரின் தடுமாற்றத்திலும் பார்க்க, முறையமைப்பின் ஒழுங்கான சாய்வே பாரதூரமானது. பல மாவட்டங்களில் உயர் தடப் பாடநெறிகளுக்கு நிறையேற்றிய புள்ளி வழங்கப்படுகிறது. சாதாரண வகுப்பில் ஏ தரத்துக்கு 4 எனின், கல்லூரிச் சபையின் மேற்பார்வையில் 1955 முதல் நடைபெறும் கல்லூரி மட்டப் பாடநெறிகளில் ஏ தரத்துக்கு 5 என்பது பரவலான வழக்கம். இதன்படி சாதாரண வகுப்பில் குற்றமற்ற விடை எழுதியவனும் உயர் வகுப்பில் பீ தரம் பெற்றவனும் ஒரே 4இல் நிற்பர். முன்னவன் அதற்கு மேல் எக்காலத்தும் ஏற முடியாது. கடினமான பாடத்துக்குக் கூடிய மதிப்பு என்னும் வாதம் தன்னளவில் நியாயமானதே. ஆனால் அப்பாடத்துக்குள் நுழையும் வாயில் எல்லோருக்கும் திறந்திராதபோது, நிறையேற்றம் என்பது தடப் பிரிவினையை எண்ணாக மொழிபெயர்க்கும் கருவியாகிவிடுகிறது.

சாமுவேல் போல்ஸ், ஹேர்பேட் கின்ரிஸ் ஆகிய மார்க்சியப் பொருளியலாளர் 1976இல் வெளியிட்ட நூல் வேறொரு பரிமாணத்தைச் சுட்டியது. பாடசாலைப் புள்ளி அறிவுக்கு மட்டுமன்றி ஒழுங்கு, நம்பகம், பணிவு ஆகிய தொழிற்சாலைக் குணங்களுக்கும் வெகுமதி அளிக்கிறது என்பது அவர்கள் வாதம். வீட்டுவேலையை உரிய நாளில் ஒப்படைத்தல், வருகை, வகுப்பில் நடந்துகொள்ளும் முறை ஆகியன புள்ளியில் கலக்கும்போது இவ்வாதம் மெய்ப்படுகிறது. தனியறையும் மேசையும் ஓய்வுள்ள பெற்றோரும் வாய்த்த பிள்ளையும், மாலையில் கடையில் வேலை செய்தோ தம்பி தங்கையரைப் பார்த்தோ வரும் பிள்ளையும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றனர்.

5

அண்மைக் காலச் சீர்திருத்தவாதிகள் இக்குறையை உணர்ந்துள்ளனர். ஜோ ஃபெல்ட்மன் 2018இல் வெளியிட்ட நூலை ஒட்டிப் பல மாவட்டங்கள், பூச்சியத்துக்குப் பதில் 50ஐ அடிப்புள்ளியாக்குதல், பிந்தி ஒப்படைத்தலுக்குப் புள்ளி குறைக்காமை, மீளப் பரீட்சை எழுத அனுமதித்தல் ஆகிய மாற்றங்களைப் புகுத்தின. இவற்றுக்குக் கணித நியாயம் உண்டு. நான்கு ஒப்படைகளில் 85 பெற்று ஐந்தாவதை ஒப்படைக்கத் தவறியவனின் சராசரி பூச்சியத்தால் 68 ஆகிறது. அடிப்புள்ளி 50 எனின் அது 78 ஆகும். 68ஐ விட 78 அவனது அறிவுக்கு அண்மையானது என்பதில் ஐயமில்லை.

எனினும் 78 பெற்ற அம்மாணவன் அதே தாழ் தடத்தில், அதே மெலிந்த பாடத்தையே கற்கிறான். நோயாளியின் வெப்பமானியைத் திருத்துதல் தேவையானதே, அது மருந்தாகாது. புள்ளிச் சீர்திருத்தத்தை எதிர்க்கும் பழைமைவாதிகளும் அதைப் போற்றும் முற்போக்காளரும் மறந்துவிடும் உண்மை இதுவேயாகும்.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது, லெவிற்றவுண் அமைந்த அதே நசோ மாவட்டத்திலுள்ள றொக்வில் சென்ரரின் அனுபவம். அங்கு 1990களில் இடைநிலை மாணவர் அனைவருக்கும் முன்னர் உயர் தடத்துக்கே உரியதாயிருந்த கணிதம் கற்பிக்கப்பட்டது. இடர்ப்படுவோருக்கு மேலதிக வகுப்புகளும் அமைக்கப்பட்டன. உயர் பாடசாலைக்குள் நுழையுமுன் மாநிலக் கணிதப் பரீட்சையில் தேறிய கறுப்பின, லத்தீன் வழி மாணவர் தொகை நூற்றுக்கு 23இலிருந்து 75ஆக உயர்ந்தது. வெள்ளை, ஆசிய மாணவருக்கு அது 54இலிருந்து 98ஆயிற்று. மேலிருந்தோர் வீழ்ந்தமையால் விளைந்த சமத்துவம் அன்று இது. சிக்காகோவின் வடபால் அமைந்த எவன்ஸ்ரன் புறநகரின் கல்விச் சபையும் 2010 டிசெம்பரில், ஒன்பதாம் வகுப்பு மானிடவியற் பாடங்களில் தனிச் சிறப்பு வகுப்பை நீக்கி, கலப்பு வகுப்பில் தன் ஆக்கங்களால் எவரும் சிறப்புத் தகுதியை ஈட்டலாம் என விதித்தது. அங்கு பாடமும் புள்ளியும் ஒருங்கே மாற்றப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

சான் பிரான்சிஸ்கோ நகரம் 2014இல் மறுவழியைத் தெரிந்தது. எட்டாம் வகுப்பு அட்சரகணிதத்தை யாவருக்கும் நீக்கி ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளியது. வசதி படைத்தோர் அதைப் பணங்கொடுத்து வெளியே கற்றுக்கொள்ள முடிந்தது. வறியோருக்கு வாயில் அடைபட்டது. 2024 மார்ச்சில் அந்நகர வாக்காளர் பெரும்பான்மையாக அதை மீளக் கோரினர். உயர்ந்த அறிவை எல்லோருக்கும் பகிர்தல் ஒரு சமத்துவம். எல்லோரிடமிருந்தும் அதை மறைத்தல் வேறொன்று. பின்னையது சமத்துவத்தின் பெயரால் சந்தையை வளர்க்கிறது.

6

போல்ஸ், கின்ரிஸ் ஆகியோரின் வாதத்தை இயந்திரப் பாங்காக விளங்கிக் கொள்வோர், சமுதாயம் மாறும்வரை பாடசாலையில் எதுவும் மாறாது என்பர். றொக்வில் சென்ரர் இக்கூற்றை மறுக்கிறது. அங்கு ஆதனவரி முறையும் இருந்தது, வர்க்க வேறுபாடும் இருந்தது. ஆயினும் பாடத்தைப் பகிரும் முறை மாறியதும் விளைவு மாறிற்று. அதே வேளை, அது வளமுள்ளதொரு மாவட்டம் என்பதையும், மேலதிக வகுப்புகளுக்கான பணமும் ஆசிரியரும் அதனிடம் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. எட்ஜ்வூட்டுக்கு அவ்வழியைக் காட்டுவோர் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் பதில் கூறக் கடமைப்பட்டவராவர்.

எனவே, ஒரு பாடசாலையின் புள்ளிக் கொள்கையை மதிப்பிடுவோர் முதலில் வினவ வேண்டியது புள்ளி எவ்வாறு இடப்படுகிறது என்பதன்று. எந்தப் பாடம் யாருக்கு, எந்த வயதில், யாருடைய செலவில் கற்பிக்கப்படுகிறது என்பதேயாகும். அவ்வினாவுக்கு நேர்மையான விடை கிடைத்த பின்னரே புள்ளி கற்றலின் அளவாகும் தகுதியைப் பெறும். அதுவரை அது பிள்ளையின் அறிவோடு அவன் வீடு அமைந்த தெருவையும் சேர்த்தே அளந்துகொண்டிருக்கும்.