கண்ணாடி போட்ட ஜன்னல்

கல்லூரி நாட்களில் என் மடிக்கணினித் திரையில் டெட்ராய்ட்டின் மிஷிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் பல மாதங்கள் இருந்தது. உடைந்த ஜன்னல்கள், தூசிக்குள் இறங்கும் வெளிச்சம். அந்த ஊருக்கு நான் போனதேயில்லை. ஆனாலும் துக்கப்பட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தத் துக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

ஈவ் மார்ஷான், ரொமான் மெஃப்ர் இருவரும் 2010இல் வெளியிட்ட ‘டெட்ராய்ட்டின் இடிபாடுகள்’ புகைப்பட நூல் இந்த ரசனையின் உச்சம். அழகான நூல்தான். என் புகார், அதில் அநேகமாக மனிதர்களே இல்லை என்பது. பேக்கார்ட் கார் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். 1903இல் திறந்தது, ஐம்பதுகளில் கார் தயாரிப்பு நின்றுபோனது. உலகமே அதை இடிபாடு என்று படம்பிடித்த காலத்திலும், 2010 வரை ஒரு சிறு நிறுவனம் அந்த வளாகத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. வாடகை கட்டும் ஆள் இருக்கிற மூலை படத்துக்கு லாயக்கில்லை போல.

இதற்கு நேரெதிர், சீரமைப்புத் திட்டங்களோடு வரும் கணினிச் சித்திரங்கள். அவற்றில் ஆட்களுக்குக் குறைவில்லை; காபி, சைக்கிள், மரநிழல் எல்லாம் உண்டு. பேக்கார்டை 2013 ஏலத்தில் 4,05,000 டாலருக்கு வாங்கிய முதலீட்டாளரும் பெரிய கனவோடுதான் வந்தார். 2022இல் இடிக்க ஆரம்பித்தார்கள்.

ரெண்டு வகைப் படமும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போகின்றன: சரி, இங்க யாரு வாடகை குடுக்கப் போறா? 1950இல் 18 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் 2020இல் ஆறரை லட்சம்கூட இல்லை. ஆள் குறைந்த ஊரில் கட்டடம் மலிவாகக் கிடைக்கும். பனியிலும் மழையிலும் ஊறிய கான்கிரீட்டைச் சரிசெய்யும் கூலி மலிவாகாது.

“மிஷிகன் சென்ட்ரல் மீண்டு வந்துச்சே?” வந்தது. 1988இல் மூடிய நிலையத்தை 2018இல் ஃபோர்டு வாங்கி 2024இல் திறந்தது. அந்தக் கம்பெனிக்கு இடம் தேவைப்பட்டது. சுற்றியுள்ள வளாகத்தையும் சேர்த்து 90 கோடி டாலருக்கு மேல் போட முடிந்தது. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரு ஃபோர்டு வராது.

வராத இடத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? கூரை ஒழுகாமல் அடைப்பது, இருக்கிற பட்டறைக்காரரைப் போகவிடாமல் வைத்துக்கொள்வது, முடியாததை ஒப்புக்கொண்டு இடிப்பது. அவ்வளவுதான்.

ஃபோர்டு வருவதற்கு மூன்று வருஷம் முன்பே, பழைய உரிமையாளர் அந்த நிலையத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அந்தப் படத்தை நான் திரையில் வைக்கவில்லை.