சராசரிக்குள் மறையும் மனிதர்: முகநூல் உணர்வுப் பரவல் ஆய்வின் அறநெறி குறித்த ஒரு மதிப்பீடு

மனிதரை மதித்தல், நன்மை பேணல், நீதி ஆகிய மூன்றையும் ஆய்வறத்தின் அடிப்படைகளாக 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கை வகுத்தது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதோருக்குத் தனிக் காப்பு அளித்தலும் இவற்றுள் முதலாவதில் அடங்கும். தொழில்நுட்பப் பயன்பாட்டை ஆராய்வோரிடம் இந்நெறி எங்ஙனம் நெகிழ்கின்றது என்பதற்கு முகநூல் உணர்வுப் பரவல் ஆய்வு தக்க சான்றாகும்.

2012 ஜனவரியில் ஒரு வாரக் காலம் நடைபெற்ற இவ்வாய்வு 689,003 பயனரை உட்படுத்தியது. அவருள் ஒரு சாராருக்கு மகிழ்ச்சிச் சொற்கள் அமைந்த பதிவுகளும், மற்றொரு சாராருக்குத் துயரச் சொற்கள் அமைந்த பதிவுகளும் குறைத்துக் காட்டப்பட்டன. அதற்கேற்ப அவர்கள் எழுதிய சொற்களும் சிறிதளவு மாறின என 2014இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை கூறிற்று. பயனரிடம் தனியே ஒப்புதல் கேட்கப்படவில்லை. கணக்குத் தொடங்குகையில் அவர்கள் ஏற்ற விதிமுறைகளே ஒப்புதலாகக் கொள்ளப்பட்டன. அவ்விதழே பின்னர் இதுபற்றிக் கவலை தெரிவித்துக் குறிப்பு வெளியிட்டது.

இவ்வாய்வின் வாதத்தில் ஒரு முரண்பாடு உண்டு. விளைவு சிறிதாயினும், பயனர் தொகை பெரிதாதலின் அது பொருட்படுத்தத்தக்கது எனக் கட்டுரை வலியுறுத்துகின்றது. கண்டனம் எழுந்தபோதோ, விளைவு மிகச் சிறிதே என ஆய்வாளருள் ஒருவர் விளக்கமளித்தார். பயனைக் கூறுங்கால் தொகையையும், தீங்கைக் கூறுங்கால் சராசரியையும் அளவுகோலாகக் கொள்வது ஏற்புடையதன்று. சராசரி மாற்றம் சிறிது என்பதால், மனச்சோர்வுற்ற ஒருவருக்கும் அது சிறிதாகவே இருந்திருக்கும் எனத் துணிய இயலாது. அத்தகையோரையோ பதின்ம வயதினரையோ விலக்கியதாகக் கட்டுரையில் குறிப்பேதும் இல்லை.

நேர்காணலில் ஆய்வாளர் எதிரிலிருப்பவரின் முகவாட்டத்தைக் காண்பார். வேண்டின் வினாவை நிறுத்துவார். திரைக்கு அப்பாலுள்ளோரிடம் அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, நலிவுற்றோர் உளர் எனக் கொண்டே ஆய்வைத் திட்டமிடுதல் வேண்டும்.

இக்கடப்பாடு பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. மாணவரின் வாட்ஸ்அப் உரையாடல்களைத் திரட்டி மொழிக்கலப்பை ஆராய முனையும் தமிழாசிரியர்க்கும் இது பொருந்தும். மதிப்பெண் வழங்கும் ஆசிரியர் கேட்கும்போது மாணவர் எளிதில் மறுக்கமாட்டார். அவருக்கு மறுமொழி எழுதிய நண்பரோ கேட்கப்படவே இல்லை. மாணவர், பெற்றோர், உரையாடலில் பங்குகொண்ட ஏனையோர் ஆகிய அனைவரின் இசைவையும் ஆசிரியரல்லாத வேறொருவர்வழிப் பெறுதலும், இசைந்தவர் எப்போது வேண்டினும் விலகலாம் என உறுதியளித்தலும் தரவு திரட்டலுக்கு முன்னரே நிகழவேண்டியவை.