ஒரு காருக்காக இன்னொரு கார்

போன வருஷம் மந்தைவெளி வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே டாமியாவின் 'கிராஸ்ஹாப்பர்' ரிமோட் கார். 1986ல் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மொட்டை மாடியில் அண்ணன் ஓட்டுவார். கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பது என் வேலை. அதையே பெரிய பதவியாக நினைத்திருந்த காலம். அடையாறில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஓட வச்சுக் குடுடா, அது போதும்" என்றார்.

நான் அதோடு விடவில்லை. முழுக்க ஒரிஜினல் பார்ட் போட்டுத்தான் செய்வேன் என்று கிளம்பினேன். பழைய ரிமோட் கார்களைப் புதுப்பிப்பவர்கள் நடுவே இதுதான் உயர்ந்த நெறி. எட்டு மாதம் அதைக் கடைப்பிடித்துப் பார்த்த பிறகு, அந்த நெறியின் மேல் எனக்குச் சில புகார்கள் இருக்கின்றன.

முதலில் காரைப் பற்றி. கிராஸ்ஹாப்பர் 1984ல் வந்தது. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கர இயக்கம். ஷிசுவோகாவின் டாமியா 1976ல் போர்ஷே 934 மாடலோடு ரிமோட் கார் தொழிலில் இறங்கியது. எட்டு வருஷத்தில், பள்ளிப் பையனே ஸ்க்ரூ முடுக்கிச் சேர்த்துவிடக்கூடிய இந்த எளிய வண்டிக்கு வந்து சேர்ந்தது. தொட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சேஸி, சின்னதாக ஒரு 380 மோட்டார். பின்பக்கம் கியர் பாக்ஸும் அச்சும் ஒன்றாகவே மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங் உண்டு, அதன் ஆட்டத்தை அடக்க எண்ணெய் டேம்பர் கிடையாது. அதனால் மேடு பள்ளத்தில் துள்ளிக்கொண்டே போகும். வெட்டுக்கிளி என்று சும்மா பெயர் வைக்கவில்லை. அதே வருஷம் அதே சேஸியில் வந்த 'ஹார்னெட்'டுக்குப் பெரிய 540 மோட்டாரும் பின்னால் எண்ணெய் டேம்பரும் கொடுத்தார்கள். ஓட்டத்தில் ஹார்னெட் மேல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எனக்கு வண்டி என்றால் அந்தத் துள்ளல்தான்.

பெட்டியைத் திறந்தபோது நிலைமை மோசம். பேட்டரியைக் கழற்றாமலே வைத்திருக்கிறோம். நிக்கல்-காட்மியம் செல் கசிந்து, கனெக்டர் முழுக்கப் பச்சைப் பூத்திருந்தது. (கசிவு காரம் என்பதால் வினிகர் தொட்டுத் துடைத்தால் ஓரளவு போகும். கையுறை முக்கியம்.) டயரில் வெடிப்பு. வெள்ளை பாடி பழுப்பேறி, பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு நிறத்துக்கு வந்திருந்தது. பாதி ஸ்க்ரூவுக்குத் தலை தேய்ந்துபோயிருந்தது. அது முழுக்க எங்கள் கைங்கரியம். ஜப்பான் ஸ்க்ரூவின் கூட்டல்குறிப் பள்ளம் வேறு அளவுக் கணக்கில் வெட்டப்பட்டது. நம் ஊர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராமல் வழுக்கும். இது தெரியாமல் வருஷக்கணக்கில் திருகித் தள்ளியிருக்கிறோம்.

சரி, ஒரிஜினல் பார்ட் என்றால் என்ன? இந்த ஒரே சொல்லில் மூன்று பொருள் ஒளிந்திருக்கிறது. அந்தக் காரோடேயே வந்த பாகம் ஒன்று. அந்தக் காலத்திலேயே தயாராகி, பயன்படாமல் இத்தனை வருஷம் எங்கோ கிடந்த பாகம் இன்னொன்று. அதே கம்பெனி பின்னால் மறுபடி வார்த்து விற்ற பாகம் மூன்றாவது. டாமியா கிராஸ்ஹாப்பரை 2005ல் மறுபடி வெளியிட்டது. பாகங்கள் பெரும்பாலும் பழைய வண்டியில் அப்படியே பொருந்தும். ஆனால் நெறிக்காரர்கள் மூன்றாவதை ஏற்க மாட்டார்கள். நானும் ஏற்கவில்லை.

அந்தப் பிடிவாதத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகப் பழைய பாகம் தேடினால் விலையும் தபால் செலவும் ஏறிக்கொண்டே போனது. போதாக்குறைக்கு நம் ஊரில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்து, வெளிநாட்டில் ஒருவரிடமிருந்து அதே காலத்து முழு கிராஸ்ஹாப்பர் ஒன்றையே வாங்கினேன். பிரித்துப் பாகம் எடுப்பதற்காக. இதைக் 'கொடையாளி வண்டி' என்பார்கள். என்னமோ அந்த வண்டி மனமுவந்து கொடுத்த மாதிரி.

பாடி, டயர், கியர்கள், முன் பம்பர் எல்லாம் எடுத்தாயிற்று. கடைசியில் சேஸியைத் திருப்பினால், அடியில் காம்பஸ் முனையால் கீறிய இரண்டு எழுத்து. யாரோ ஒரு பையனின் இனிஷியல். ஒரு 1984 மாடலைக் காப்பாற்ற இன்னொரு 1984 மாடலை அழித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இப்படி ஒவ்வொருவரும் ஒன்றைச் சீர்செய்ய இன்னொன்றைப் பிரித்தால், உலகத்தில் மிச்சமிருக்கிற பழைய வண்டிகளின் எண்ணிக்கை கூடுமா குறையுமா? பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பது இதுதான்.

மறுவெளியீட்டுப் பாகத்தை ஏன் இவ்வளவு கீழாக நினைத்தேன் என்று யோசித்தேன். டாமியாவின் 1983 'ஃபிராக்' வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்சக்கர டிரைவ் ஷாஃப்டின் முனைகள் அறுகோணமாக இருக்கும், சீக்கிரம் தேய்ந்து வழுக்கும். 2005ல் மறுபடி வெளியிட்டபோது அந்த இணைப்பையே மாற்றிவிட்டார்கள். பழைய ஷாஃப்டைத் தேடிப் பிடித்து மாட்டுகிறவர் எதைக் காப்பாற்றுகிறார்? வடிவமைத்தவர்களே கைவிட்ட ஒரு தவறை.

இதற்காக மறுவெளியீடுகள் எல்லாம் அப்பழுக்கற்றவை என்று சொல்லவில்லை. ஸ்டிக்கர்களில் சில பழைய விளம்பரச் சின்னங்கள் காணாமல் போயிருக்கும். எனக்கு அதைவிட உறுத்துவது வேகக் கட்டுப்பாடு. பழைய வண்டியில் ஒரு சர்வோ, தகட்டின் மேல் ஒரு தொடுமுனையை நகர்த்தும். வேகம் படிப்படியாகத்தான் ஏறும், ரெசிஸ்டர் கை வைக்க முடியாமல் சுடும். இப்போது அந்த இடத்தில் மின்னணுக் கட்டுப்பாடு. வேகம் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. திறமையான சாதனம்தான். ஆனால் அண்ணனின் கட்டைவிரல் பழகியது அந்தப் படிகளுக்கு. அதனால் அந்தத் தகட்டை மட்டும் சுத்தம் செய்து அப்படியே வைத்துக்கொண்டேன். தேய்ந்த ஷாஃப்ட் தவறு, சுடும் ரெசிஸ்டர் குணமா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் பாரபட்சம்தான்.

மயிலாப்பூரில் வீணை வாசிக்கிற வீடுகளில் இந்தக் குழப்பமே கிடையாது. மெழுகு இளகினால் ஆளைக் கூப்பிட்டு மேளம் கட்டுவார்கள். பழைய மெழுகு போகும், புது மெழுகு வரும், தந்தி எத்தனை முறை மாறியது என்று யாரும் எண்ணுவதில்லை. அது பாட்டியின் வீணை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. குடத்தை மட்டும் யாரும் மாற்றமாட்டார்கள். டயரும் கியரும் தந்தி மாதிரி. இது எனக்கு எட்டு மாதம் முன்பே தோன்றியிருக்கலாம்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். டிரான்ஸ்மிட்டரை வாங்கினார், மாடியில் இரண்டு சுற்று விட்டார், வண்டி துள்ளியது, சிரித்தார். பிறகு கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி அரால்டைட் போட்டு ஒட்டியிருந்தோமே, அந்த விரிசல் எங்கடா?"

கொடையாளியின் பாடி அது. விரிசல் இல்லை, பழுப்பும் அவ்வளவாக இல்லை. அதனால்தான் அதை எடுத்து மாட்டியிருந்தேன். கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே தோட்டத்தில் விழுந்து, அப்பாவுக்குத் தெரியாமல் இரண்டு பேரும் ராத்திரி உட்கார்ந்து ஒட்டிய பாடி உள்ளே பெட்டியில் கிடந்தது. எடுத்துவந்து மாற்றினேன். ஐந்து நிமிஷ வேலை.

அந்த இன்னொரு வண்டிக்கு அதன் பாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கியரும் பம்பரும் திரும்பிப் போய்விட்டன. எங்கள் வண்டிக்கு மறுவெளியீட்டு கியர் செட், பம்பர், இரண்டு வண்டிக்கும் சேர்த்து எட்டு டயர் ஆர்டர் போட்டிருக்கிறேன். வரி தனி.