கேட்கத் தெரியாத கேள்விகள்

கேள் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்: வினவு, செவிகொடு. வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் வகுத்தது, செவிகொடுத்து அறிவதைப் பற்றித்தான். ஆனால், ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் ஏந்திக் கொல்லிமலை ஏறிவரும் நேர்காணல்காரர் பலர், முதற்பொருளை மட்டும் பற்றிக்கொண்டு, இரண்டாம் பொருளை எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கீழே, காரவள்ளி அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வருகின்றனர்!

ஐ.நா. மன்றம் 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நல்லதுதான். ஆனால், இங்கே கேட்கப்படும் வினாவைப் பாருங்கள்: “சாமையும் தினையும் உண்பதால்தானே நோயின்றி வாழ்கிறீர்கள்?” மூதாட்டி தலையசைக்கிறார். முடிந்தது பேட்டி! வினாவுக்குள்ளேயே விடை, விடை தருபவர் வெறும் பதுமை. நீதிமன்றத்தில், தான் அழைத்த சாட்சியிடம் முதல் விசாரணையில் வழக்கறிஞர் இப்படி விடையை ஊட்டி வினவினால், எதிர்த்தரப்பு எழுந்து மறுக்கலாம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அதற்கு இடம் தந்தது; 2024இல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் தருகிறது. நீதிமன்றத்தில் கூடாதது, நாடு முழுவதும் காணும் திரையில் மட்டும் ஆகுமோ?

கேட்டிருக்க வேண்டிய வினா வேறு. “சாமை விளைந்த நிலத்தில் மரவள்ளி வந்ததேன்?” என்று கேட்டுவிட்டு வாய்மூடிக் காத்திருக்கட்டும். ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக்குத் தந்த பணம் வெளிவரும். உமி நீக்க உரலும் உலக்கையுமாகப் பெண்கள் பட்ட பாடு வெளிவரும். அவர்தம் கைவலியைத் தணிக்க, சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிற்றரவை இயந்திரங்களைக் கொண்டுவந்த கதையும் வெளிவரும். பழம்பெருமை பாடும் வினா, பெண்ணின் உழைப்பை மறைக்கிறது; செவிகொடுக்கும் வினாவோ அதை வெளிக்கொணர்கிறது. எது பகுத்தறிவு?

வானொலி இதை அறியாததன்று. திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது. உழவர் நிகழ்ச்சிகளின் வழியே 1960களில் தஞ்சையில் பரவிய ஆடுதுறை 27, ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது. உழவனை வேடிக்கைப் பொருளாக்காமல், விளங்கிக்கொள்ளும் மனிதனாக மதித்ததால் வந்த வெற்றி அது!

கடுமையாகக் கேட்பதே கூடாதா? கேட்கலாம், கேட்க வேண்டிய இடத்தில்! 1997இல் பி.பி.சி.யின் ஜெரமி பாக்ஸ்மன், அமைச்சராக இருந்த மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே வினாவைப் பன்னிரு முறை கேட்டார். 2004இல் கரன் தாப்பர், முதலமைச்சர் ஜெயலலிதாவிடம் கூரிய வினாக்களைத் தொடுத்தார். அவரும் கூரிய விடைகளைத் தந்து, இறுதியில் தம் அதிருப்தியை நேருக்கு நேர் சொல்லிவிட்டே எழுந்தார். அதிகாரம் படைத்தவருக்குத் திருப்பியடிக்க வலிமை உண்டு. மலைக்குடிசை வாயிலில் நிற்கும் மூதாட்டிக்கு அது உண்டா? வலியவரிடம் குழைவு, எளியவரிடம் அதட்டல் என்பது நேர்காணலன்று, பண்ணையார் விசாரணை!

ஆகவே, கருவி ஏந்துவோர் சிலவற்றைக் கற்கட்டும். ‘மலையாளி’ என்ற பெயர் கேட்டு, எந்த மாநிலத்திலிருந்து வந்தீர்கள் என்று வினவாதிருக்கட்டும். அவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். ஒரு முறைக்கு ஒரு வினா. ‘ஆம், இல்லை’ என்று முடியாத வினா. விடைக்குப்பின் சற்று மௌனம்; உண்மை பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகே வரும். படம் பிடிக்குமுன் இசைவு கேட்டல். வெட்டி ஒட்டுகையில் சொன்னதன் பொருள் மாறாது காத்தல்.

தோழர்களே! இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஒலிபரப்பு நிலையம். இம்மலையில் என்னிடம் பயிலும் சிறுவர் சிறுமியர், நாளை தம் பாட்டியிடமே ஒலிவாங்கியை நீட்டுவர். ஏன், எதற்கு என்று வினவ அவர்களைப் பழக்குகிறோம். விடை முடியும்வரை வாய்மூடி இருக்கவும் பழக்குவோம். கேள்வி கேட்பது துணிவு. கேட்டதற்குச் செவிகொடுப்பதே அறிவு!