கொலுப்படியிலிருந்து இரண்டு மீட்டர்

சின்னப் பொம்மைக்கு வண்ணம் தீட்டிப் பழகுகிறவர்களுக்குக் கிடைக்கும் விமர்சனம் பெரும்பாலும் இரண்டே சொல்தான்: "நல்லா இருக்கு." இதை யாரும் விமர்சனக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் ஒருவரின் கை எந்தப் பக்கம் வளைகிறது என்பதை இந்த இரண்டு சொல்தான் முடிவு செய்கிறது என்பது என் எண்ணம். யார் சொன்னார் என்பதைவிட எவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்துச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

எனக்குச் சொந்த ஊர் பொட்டிப்புரம். தேவாரத்துக்குப் பக்கம். ஊர்ப் பேரைச் சொன்னால் "நியூட்ரினோ ஊரா?" என்றுதான் கேட்பார்கள். சின்னதாகச் செய்து பார்ப்பது என்றால் எங்க ஊர்க்காரனுக்கு நினைவு வருவதும் அதுதான். இங்கே வர வேண்டிய உணர்கருவி 50,000 டன். அதன் குட்டி மாதிரியை மதுரையில் 85 டன்னில் கட்டி வைத்திருக்கிறார்கள். 85 டன் குட்டி! சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்க பக்கம் கொலு வைக்கிற வீடுகள் குறைவு. போடியில் இருக்கும் பெரியம்மா வீடு அதில் ஒன்று. 2018 முதல் அவர் விளாச்சேரியில் வண்ணம் அடிக்காத சுட்ட மண் பொம்மைகளை வாங்கிவந்து தானே தீட்டுகிறார். ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் பென்சிலால் வருஷம் எழுதி வைத்துவிடுவார். இது எனக்குப் பெரிய வசதி. மென்பொருள் வேலையில் பழைய வெர்ஷனை எடுத்துப் பார்ப்பது போல, ஒரு கை எப்படித் தேறியது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். போன விடுமுறையில் நாற்பது பொம்மைகளை வருஷ வரிசையில் தரையில் அடுக்கி ஒரு முழு நாள் பார்த்தேன்.

விளாச்சேரி தெரியாதவர்களுக்கு: மதுரையில் திருப்பரங்குன்றத்தை ஒட்டிய ஊர். வேளார் குடும்பங்கள் தலைமுறையாக மண்பொம்மை செய்கிறார்கள். சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். மண் போக, காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைகளும் உண்டு. அச்சில் அழுத்தி எடுத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, பிறகு உடல் நிறம், துணி, நகை. முகம் கடைசி. அதிலும் கண் கடைசியிலும் கடைசி. மதுரை, திண்டுக்கல் பக்கத்து முத்தாலம்மன் திருவிழாக்களில் மண் சிலைக்குக் கண் திறப்பதையே ஒரு சடங்காகச் செய்கிறார்கள். கண் எழுதும்வரை அது மண், எழுதியபின் சாமி.

பெரியம்மாவின் 2018 பொம்மைகளில் எல்லாமே எனாமல். பளபளவென்று இருக்கின்றன. செட்டியாரும் செட்டிச்சியும் மழையில் நனைந்து வந்தவர்கள் மாதிரி. 2019இல் அக்ரிலிக்குக்கு மாறிவிட்டார், பளபளப்பு போய்விட்டது. 2020 வரிசையில்தான் பெரிய தாவல். சேலை மடிப்புக்குள் ஒரு அடர்ந்த கோடு, கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே ஒரு பழுப்புக் கோடு. அந்த இரண்டு கோட்டில் பொம்மை எழுந்து உட்கார்ந்துவிட்டது.

ஏன் அப்படி? பொம்மை சின்னதாக இருப்பதால் அதில் நிழல் விழாது, அதனால் நிழலை நாம் வரைய வேண்டும் என்று சொல்வார்கள். கணக்கு அப்படி வராது. அதே வெளிச்சம், அதே கோணம் என்றால் பத்து அங்குலச் சிலையில் விழுகிற நிழலும் பத்து அடிச் சிலையில் விழுகிற நிழலும் ஒரே விகிதம்தான். எனக்குத் தெரிந்து காரணம் வேறு இரண்டு. ஒன்று, வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் சுவரில் பட்டு நாலு பக்கமும் சிதறி வருகிறது, நிழலைக் கரைத்துவிடுகிறது. இரண்டாவது, அச்சு. இரண்டு பாதி அச்சில் இருந்து மண் சிக்காமல் வெளியே வர வேண்டுமென்றால் உள்வாங்கிய ஆழமான பள்ளம் இருக்கக் கூடாது. அதனால் மடிப்புகள் எல்லாம் மேலோட்டமாகவே இருக்கும். அச்சு கொடுக்க முடியாத ஆழத்தை பிரஷ் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தாவல் எப்படி வந்தது என்று பெரியம்மாவிடம் கேட்டேன்.

"நான் எங்கடா கண்டுபிடிச்சேன்? எதிர்வீட்டு அக்கா வந்து பாயில உக்காந்தவங்க, 'ஏன்டி, உன் லட்சுமிக்குக் கழுத்தே இல்லையே'ன்னாங்க. கிட்ட போய்ப் பாத்தா கழுத்து இருக்கு. பாயில உக்காந்து பாத்தா இல்ல."

என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் மையம் இந்தப் பேச்சுதான். கொலு பார்க்க வருகிறவர் பாயில் உட்காருவார், படியில் இருந்து சுமார் இரண்டு மீட்டர் தள்ளி. பத்து செ.மீ. பொம்மையை இரண்டு மீட்டரில் இருந்து பார்த்தால் அது கண்ணில் பிடிக்கும் கோணம் கிட்டத்தட்ட மூன்று டிகிரி. கையை நீட்டிக் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள், அதன் அகலத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். இப்போது கோபுரத்துக்குப் போவோம். ஒன்றரை மீட்டர் சுதைச் சிற்பத்தை முப்பது மீட்டர் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தால்? அதே மூன்று டிகிரி. வெளிநாட்டில் போர் விளையாட்டுகளுக்காகத் தீட்டுகிறார்களே, 28 மி.மீ. வீரர்கள், அதை மேஜையில் 56 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தாலும் அதே மூன்று டிகிரி. மூன்று பேருக்கும் ஒரே கணக்கு.

இதில் கோபுரத்துக்காரர்களுக்குத்தான் அனுபவம் அதிகம். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. அங்கே சாரத்தில் நின்று வேலை செய்கிறவர் சுதையின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறார், பார்க்கிற பக்தர் கீழே தெருவில். அதனால் கண்ணைப் பெரிதாக்கி, இமைக்குக் கறுப்புக் கோட்டைத் தடிப்பாக இழுத்துவிடுகிறார்கள். சாரத்தில் ஏறிப் பார்த்தால் கோரமாக இருக்கும், தெருவில் நின்றால் அம்மன் நம்மைப் பார்ப்பாள். 2009 ஏப்ரல் கும்பாபிஷேகத்துக்கு முன் தீட்டியபோது நிறங்கள் மிட்டாய் மாதிரி இருக்கின்றன என்று நண்பர்கள் சிலர் குறைப்பட்டார்கள். நிறத்தைப் பற்றி எனக்கும் மனக்குறை உண்டு. கோட்டைப் பற்றி இல்லை.

இப்போது மறுபக்கம். மதுரையில் ஞாயிறுகளில் கூடும் நாலைந்து பேர் இருக்கிறோம். இரண்டு பேர் 28 மி.மீ. வீரர்கள், ஒருவர் விமான மாடல், ஒருவர் ரயில். நான் அளவெடுப்பதும் வாயடிப்பதும். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1975இல் தொடங்கியது. 1987 முதல் அவர்கள் கோல்டன் டீமன் என்று தீட்டுதலுக்கே போட்டி வைக்கிறார்கள். இந்தக் கலையைத் தனியாகக் கற்றவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் வளர்ந்திருக்கிறது: புதுசாக வருகிறவரை யாரும் விரட்டுவதில்லை. 'பெயின்டைத் தண்ணியா கலக்கு, ஒரு தடிப்புப் பூச்சுக்குப் பதில் ரெண்டு மெல்லிய பூச்சு' என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். மேலே இருந்து வெள்ளை, கீழே இருந்து கறுப்பு ஸ்ப்ரே அடித்து வெளிச்சத்தை முன்கூட்டியே குறித்துக்கொள், பள்ளத்தில் வாஷ் ஓடவிடு, விளிம்பில் வெளிறிய கோடு இழு. உதவுகிற வார்த்தைகள்தான். இடம் சுட்டிச் சொல்கிறார்கள், அதனால் கை தேறுகிறது.

ஆனால் இந்தப் பாராட்டு எல்லாம் போன் கேமராவை ஒட்டிவைத்து எடுத்த படத்துக்குக் கிடைப்பவை. 28 மி.மீ. வீரன் திரையில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறான். கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி, பெல்ட் பக்கிளில் ஒரு கீறல். படத்தில் பிரமாதம். மேஜையில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. பாராட்டுக் கிடைக்கிற இடத்துக்குத்தானே கை போகும்? எங்கள் குழுவில் ஒரு நண்பர் இந்த முறையை அப்படியே கொலு பொம்மைக்குக் கொண்டுவந்தார். சரஸ்வதியின் வெள்ளைச் சேலை மடிப்பில் சாம்பல் வாஷ், விளிம்பில் ஹைலைட். படத்தைப் பார்த்தவர்கள் ஆஹா என்றார்கள், நியாயம்தான், கைவேலை சுத்தம். பெரியம்மா வீட்டுப் படியில் வைத்தோம். பாயில் இருந்து ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "இந்த சாமி மட்டும் ஏன் அழுக்கா இருக்கு?"

நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை, இப்போதும் பொம்மைக்கு பாயில் உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொல்கிறார். ஆனால் இதை அவர் ரசனைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேறும் துருவும் பட்ட போர்வீரனுக்காக வளர்ந்த முறை அது. நம் பொம்மை மரபில் ஆழம் காட்டும் வேலையைக் கோடு செய்கிறது. தஞ்சாவூர் ஓவியத்திலும் அப்படித்தான், கோட்டை எடுத்துவிட்டால் கண்ணனுக்குக் கன்னமே இருக்காது. விளக்கு வெளிச்சத்தில், இரண்டு மீட்டரில், கோடு நிற்கும். சாம்பல் வாஷ் கறையாகிவிடும்.

பட்டறை முறையைப் புகழ்ந்து, பொழுதுபோக்காகத் தீட்டுகிறவர்களை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். பட்டறையிலும் ஒரு குறை உண்டு. முகத்தை அனுபவசாலி மட்டும் எழுதுவது என்றால், சேலைக்கு அடிப்பூச்சு அடிக்கும் பெண்களுக்கு முகம் எப்போது கைவரும்? பெரியம்மாவுக்கு அந்தத் தடை இல்லை. முதல் வருஷமே எழுபது கண் எழுதிவிட்டார்.

இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. அது மறுபூச்சு. நவராத்திரி நெருங்கினால் பழைய பொம்மையைக் கடையில் கொடுத்துப் புதுசாக்கி வாங்குவது வழக்கம். கையால் அடிக்கும் எனாமல் ஒரு பூச்சு காய்ந்தபின் 30 முதல் 40 மைக்ரான் இருக்கும். பழசைச் சுரண்டாமல் ஒரு வெள்ளை, இரண்டு நிறம் என்றால் ஒவ்வொரு தடவையும் சுமார் 0.1 மி.மீ. ஐந்து தடவை அடித்தால் அரை மி.மீ. பத்து செ.மீ. பொம்மையின் முகமே ஒன்றரை செ.மீ.தான், இமையின் மேடு அரை மி.மீ. இருந்தாலே அதிகம். அதாவது ஐந்தாவது மறுபூச்சில் அச்சு செய்தவர் கொடுத்த முகம் மூடிப்போகிறது. அதன்மேல் எழுதும் கண் எங்கே வேண்டுமானாலும் வழுக்கும். "பளிச்சுனு ஆயிடுச்சு" என்ற பாராட்டு கடை வாசலில், கையில் வைத்துப் பார்த்துச் சொல்வது.

பெரியம்மாவிடம் அவர் மாமியார் காலத்து தசாவதாரம் செட் ஒன்று இருக்கிறது. வராகருக்கு மூக்கு நுனி போய்விட்டது, வாமனரின் குடையில் வெள்ளை தெரிகிறது. கடையில் கொடுக்கலாமா என்று இந்த வருஷம் பேச்சு வந்தது. படியில் வைத்து, எதிர்வீட்டு அக்காவைப் பாயில் உட்கார வைத்து, எந்தெந்தக் குறை தெரிகிறது என்று கேட்டோம். குடை மட்டும்தான் என்றார். மூக்கு? "எந்த மூக்கு?" குடைக்கு மட்டும் ஒரு மெல்லிய பூச்சு, பொட்டு வைப்பது போல. முகங்களைத் தொடவில்லை.

இப்போது பெரியம்மா பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காகக் கிறிஸ்துமஸ் குடில் செட் தீட்டிக்கொண்டிருக்கிறார். குடில் தரையில் இருக்கும், பார்ப்பவர் நின்றபடி மேலிருந்து பார்ப்பார், வெளிச்சம் ஒரே பக்கத்து ஸ்டார் விளக்கில் இருந்து. முகம் பாதி தெரியாது, தலைத்துணியும் தோளும் ஆட்டின் முதுகும்தான் தெரியும். முதல் ஆட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். முதுகில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. பிரஷை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.