காகர்கொமான் கல்லரணும் காலவரையறையும்

ஒரு கட்டடத்தின் காலத்தை அதனுட் கிடைத்த ஒரு பொருளின் காலத்தைக் கொண்டு அறுதியிடுதல் பழம்பொருளாராய்ச்சியிற் பெருவழக்கு. எளிய வழியாதலின் அது பலராலும் மேற்கொள்ளப்படுகின்றது. எளிமை ஒன்றே அதன் உண்மைக்குச் சான்றாகாது. அயர்லாந்து நாட்டின் மேற்கே, கிளேர் மாவட்டத்துப் பர்ரன் என்னும் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் அமைந்துள்ள காகர்கொமான் என்னும் கல்லரணைப் பற்றிய ஆராய்ச்சி இவ்வுண்மையை நன்கு விளக்குவதாகும்.

அயர்லாந்தில் ஏறத்தாழ 45,000 வட்ட அரண்கள் உள்ளன. மண்ணால் எழுப்பப்பட்டவற்றை ‘ராத்’ எனவும், கல்லால் எழுப்பப்பட்டவற்றைக் ‘கேஷல்’ எனவும் ‘காகர்’ எனவும் அந்நாட்டார் வழங்குவர். அரண் என்னும் பெயர் கொண்டு இவற்றைப் போர்க்கோட்டைகள் எனக் கருதுதல் பொருந்தாது. இவற்றுட் பெரும்பாலன ஆநிரை வளர்த்து வாழ்ந்த குடியினரின் மனையும் முற்றமுமே. காகர்கொமான் இவற்றினின்றும் வேறுபட்டு நிற்பது. செங்குத்தான பள்ளத்தின் விளிம்பில், சாந்தின்றி அடுக்கிய மூன்று மதில்கள் அதனைச் சூழ்கின்றன. புறமதில்கள் இரண்டும் வளைந்து சென்று பாறை விளிம்பில் முடிகின்றன. உள்மதிலோ 8 மீட்டருக்கும் மேற்பட்ட தடிப்புடையது.

இவ்வரணை 1934ஆம் ஆண்டில் ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்தார் சார்பில் ஹியூ ஓநீல் ஹென்கன் அகழ்ந்தார். அவர்தம் அறிக்கை 1938இல் வெளிவந்தது. கிடைத்த விலங்கெலும்புகளுள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவை மாட்டெலும்புகள். நூல் நூற்கும் கதிர்களின் சக்கரங்களும் திரிகைக் கற்களும் அங்கு நிகழ்ந்த இல்வாழ்க்கையைக் காட்டின. நிலவறை ஒன்றில் வெள்ளியாலான ஆடை ஊசி கிடைத்தது. அதன் வேலைப்பாடு கி.பி. 9ஆம் நூற்றாண்டினது. அதனையே தலையாய சான்றாகக் கொண்டு அரணும் அந்நூற்றாண்டினதே என ஹென்கன் துணிந்தார்.

இம்முடிபு ஆராய்தற்குரியது. ஊசி எதனை மெய்ப்பிக்கின்றது? அவ்வூசி செய்யப்பட்ட பின்னர் எவரோ ஒருவர் அவ்விடத்தில் இருந்தார் என்பதனை மட்டுமே. மதில் அதற்கு முன்னரே நின்றிருத்தலும் கூடும். இக்கருத்துப்பற்றியே 1972இல் பாரி ராஃப்டரி, இவ்வரண் முந்திய இரும்புக் காலத்தே எழுந்து பின்னர் மீண்டும் குடியிருப்பாயிற்று எனக் கொள்ள இடமுண்டு என்றார். அவர் எழுப்பிய தடை தக்கதே. ஆயினும் ‘இருக்கலாம்’ என்பது ‘இருந்தது’ என்பதற்கு ஈடாகாது. ஒருவர் ஓர் ஊசியின்மேல் மதிலை நிறுத்தினார். மற்றவர் மதிலின் வடிவத்தின்மேல் காலத்தை நிறுத்தினார். ஹென்கன் அகழ்ந்த நாளில் கதிரியக்கக் கரிமக் கணிப்பு முறை தோன்றவில்லை. ஆதலின் அவரைக் குறைகூறுதல் முறையன்று. அவர் முடிபை வினவாது வழிமொழிதலே குறையாகும்.

அதே பர்ரன் நிலத்திலுள்ள காகர்கனல் அரண் இதனை இன்னும் தெளிவாக்கும். 2007ஆம் ஆண்டு முதல் மிஷெல் காம்பர் தலைமையில் நிகழ்ந்த அகழ்வுகளால், அதன் மதில் கி.பி. 10ஆம் நூற்றாண்டில் எழுந்ததென்றும், குடிவாழ்க்கை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்ததென்றும் அறிகின்றோம். அங்கு 16ஆம் நூற்றாண்டுப் பொருள் ஒன்று மட்டும் ஒருவர் கையில் அகப்பட்டிருப்பின், அவர் மதிலின் காலத்தை அறுநூறு ஆண்டுகள் பின்தள்ளியிருப்பார் அன்றோ!

இனி, நூற்சான்றையும் நோக்குவாம். கி.பி. 700ஐ ஒட்டித் தோன்றிய ‘கிரீத் கப்லாக்’ என்னும் ஐரிஷ் சட்டநூல், அரசனது அரணின் அளவை 140 அடி என வரையறுக்கின்றது. அவனைச் சார்ந்த குடிகள் உழைத்து எடுத்த மதில் அவன் தலைமைக்கு அடையாளம் என்றும் கூறுகின்றது. அக்காலத்துத் தலைவர் மாடுகளை வழங்கிச் சார்குடிகளைப் பெற்றனர். அக்குடிகள் உழைப்பால் கடன் தீர்த்தனர். எனவே, காகர்கொமானில் குவிந்த மாட்டெலும்பும் அளவிறந்த மதிலும் ஒரே செல்வத்தின் இருபுறங்கள் எனல் பொருந்தும். எனினும் நூல் கூறுவது அரசனது மண்மதிலை. நம் முன் நிற்பது பெயரறியாத் தலைவன் ஒருவனது கல்மதில். மதில் ஏன் பெரிதாயிற்று என்பதனை உணர நூல் துணைசெய்யும். எப்பொழுது எழுந்தது என்பதனை அதுவும் கூறாது.

ஆகவே, எழுந்த காலம், வாழ்ந்த காலம், கைவிடப்பட்ட காலம் என மூன்றினையும் வேறுபிரித்து, ஒவ்வொன்றிற்கும் அதற்குரிய சான்றையே தேடுதல் வேண்டும். நூலொன்றின் காலத்தை அதன்கண் வரும் ஒரு சொல்லைக் கொண்டு முடிவுகட்ட விரைவோர்க்கும் இவ்வரண் தரும் பாடம் இதுவே.