அமர்னா மடல்களின் மொழி எது?

எகிப்தின் அமர்னாவில் 1887-இல் வெளிப்பட்ட களிமண் மடல்களுள் பெரும்பகுதி, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் கானான் பகுதிச் சிற்றரசர்கள் எகிப்திய மன்னனுக்கு விடுத்தவை. எழுத்து ஆப்பெழுத்து, சொற்கள் பெரும்பாலும் அக்காதியம், வினைத்திரிபோ பெரிதும் கானானியம். முன்னையோர் இவற்றைப் பிழைபட்ட அக்காதியம் என்றே மதிப்பிட்டனர். பிப்லோசு அரசன் ரிப்-அத்தாவின் மடல்களை ஆய்ந்த வில்லியம் மோரனின் 1950ஆம் ஆண்டு ஆய்வேடு அம்மதிப்பீட்டைத் தகர்த்தது. வினையீற்றில் உகரம் வரின் முற்றுப்பெறாச் செயல், அகரம் வரின் விழைவு என ஓர் ஒழுங்கு அங்கு நிலவுவதை அவர் நிறுவினார். மொழிபெயர்ப்பாளர்க்கு இது சிறு செய்தியன்று. ‘மன்னன் படை அனுப்புவான்’ என்பதும் ‘அனுப்புவானாக’ என்பதும் ஈற்றுயிரால் வேறுபடுகின்றன. செய்தியா வேண்டுகோளா என்பதே மாறிவிடுகிறது.

இவ்வழியில் மேலும் சென்றவர் ஈவா வான் தாசோ. எழுத்தர் எழுதியதும் படித்ததும் கானானியமே, அக்காதியச் சொற்கள் அதனைக் குறிக்கும் எழுத்துக்கருவி மட்டுமே என 2004-இல் அவர் வாதிட்டார். துணிவான கருத்து, பல நகரங்களின் மடல்களில் இலக்கணம் ஒத்திருப்பதை நன்கு விளக்குவதும்கூட. எனினும் முழுமையாக ஏற்கத் தயக்கம் உண்டு. ‘யுவஷ்ஷிர’ (அனுப்புவானாக) என்னும் வடிவை நோக்குக. முன்னொட்டும் ஈற்று அகரமும் கானானியம்; இடைப்பட்ட அடி அக்காதியம். அதுவும் சொல்லைச் சுட்டும் ஒற்றைக் குறியால் அன்றி, உயிரும் மெய்யும் தோன்ற அசையசையாக எழுதப்பட்டுள்ளது. படிப்பவர் வேறொரு கானானிய வினையைத்தான் ஒலித்தார் எனின், அக்காதிய அடியை இத்துணை நுணுக்கமாக எழுதியது எதற்கு?

மெகிதோ அரசன் பிரிதியாவின் 245ஆம் எண் மடல் இன்னும் கூர்மையான சான்று. சிறைப்பட்ட லபாயாவை மன்னனிடம் கப்பலில் அனுப்புவதாகக் கூறி அழைத்துச் சென்ற அக்கோ நகரின் சுரதா, மீட்புப்பணம் பெற்று அவனை விடுவித்தான் என்பது அதில் வரும் முறையீடு. பணம் கைம்மாறிய இடத்தில் ‘இன காதிஷு’ என அக்காதியத்தில் எழுதிய எழுத்தர், சாய்ந்த ஆப்புக்குறி ஒன்றை இட்டு ‘பதியு’ எனக் கானானியத்திலும் எழுதுகிறார். வேற்றுமைப்பொருள் தரும் ‘ப’, கையைக் குறிக்கும் ‘தி’, ‘அவனுடைய’ எனப் பொருள்படும் ‘உ’ மூன்றும் அதனுள் அடக்கம். சொல்லுக்குச் சொல் அன்று, தொடருக்குத் தொடர் நிகராக நிற்கிறது. இதனைப் படிப்புக்குறிப்பு என்று வான் தாசோவின் கோட்பாட்டிற்குள் அடக்க இயலும். ஆயின் இத்தகைய குறிப்புகள் ஒழுங்காக வாராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவதை அக்கோட்பாடு விளக்கவில்லை. இரு மொழிகளையும் வேறெனவே உணர்ந்த ஒருவரின் கையையே ஆப்புக்குறி காட்டுகிறது.

தொடர்ந்து படிக்கும் மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே ‘கை’ ஆகி, குறிப்பு மறைந்துபோகிறது. தமிழில் இம்மடல்களைத் தருவோர் அக்குறியை அடிக்குறிப்புக்குத் தள்ளாமல் வரியிலேயே நிறுத்துதல் வேண்டும்.